அய்யாவின் மாத்திரை அட்டை

எங்கள் ஊரில் மருந்தை லேசில் தூக்கிப் போட மாட்டோம். கர்ப்பிணிகளுக்கு ஆஸ்பத்திரியில் கொடுக்கும் இரும்புச்சத்து மாத்திரையில் பாதிக்கு மேல் கறிவேப்பிலைச் செடிக்குத்தான் போகும். செடி தளதளவென்று நிற்கும், பிள்ளைத்தாய்ச்சி சோகை பிடித்து நிற்பாள். தேதி முடிந்த சிரப்பை முருங்கை மூட்டில் ஊற்றுவோம். ஊசியும் கண்ணாடிக் குப்பியும் ஊருணிக்குப் பின்னால் கருவேலங்காட்டுக்குள் விழும். மற்றதெல்லாம் ஒரு மஞ்சள் பையில் சேர்ந்து ஆணியில் தொங்கும். யாருக்காவது ஆகும் என்று ஒரு நினைப்புதான்.

ஒருவர் இறந்துபோனால் அவர் படுத்த பாய், தலையணை, கடைசியாக உடுத்திய வேட்டி எல்லாம் சுடுகாட்டுப் பாதையில் போய்விடும். மாத்திரை மட்டும் வீட்டில் தங்கும். அதே வியாதி உள்ளவர்கள் பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் வந்து கேட்பார்கள். கேட்பதிலும் கூச்சம் கிடையாது, கொடுப்பதிலும் கிடையாது.

இதற்கெல்லாம் எங்கள் தெருவில் நான்தான் பெரிய மனுஷி. பன்னிரண்டாவது வரை படித்தவள். அய்யாவுக்கு, அதாவது என் அப்பாவுக்கு, எட்டு வருஷம் மாத்திரை எடுத்துக் கொடுத்தவள். அட்டையில் பொடி எழுத்தில் இருக்கும் ஆங்கிலத்தை எழுத்துக் கூட்டி வாசித்து, தேதி பார்த்து, இது ஆகும், இது ஆகாது என்று சொல்லிவிடுவேன். டாக்டரம்மா என்று கேலி செய்வார்கள். அந்தக் கேலி எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. இப்போது நினைத்தால் என் வாயில் நானே அடித்துக்கொள்ளத் தோன்றுகிறது.

அய்யா மாசி மாதம் இறந்தார். ஆண்பிள்ளை இல்லாத மனிதர். கொள்ளி வைத்தது அவர் தம்பி, என் சித்தப்பா. அடுத்த வீடுதான். அண்ணனைப் போல அவருக்கும் சர்க்கரை உண்டு. மாதாமாதம் ஆஸ்பத்திரிக்குப் போய், கத்தரித்துக் கொடுக்கிற மாத்திரை அட்டைத் துண்டுகளைத் தாளில் மடித்து வாங்கி வருவார். ஆடி மாதம் அது தீர்ந்துபோயிருந்தது. அமாவாசை முடியட்டும், போவோம் என்று இருந்துவிட்டார். அமாவாசைக்கு மூன்று நாள் முன்பு காலையில் எங்கள் வாசலில் வந்து நின்றார்.

"ஏத்தா, ஒங்கய்யா மாத்திர மிச்சம் கெடக்காமே. எனக்கு ஆகுமானு பாரு."

பையை இறக்கிப் பார்த்தேன். மதுரையில் பெரிய டாக்டர் எழுதிக் கொடுத்தது. பத்து மாத்திரை, பிரிக்காத அட்டை. சித்தப்பா கையில் கொண்டுவந்த பழைய ஆஸ்பத்திரிச் சீட்டில் எழுதியிருந்த அதே மருந்தின் பெயர். தேதி முடிய இன்னும் ஒரு வருஷம் இருந்தது. எடுத்து நீட்டினேன்.

அவர் அட்டையை வெயிலில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். படிக்காத மனிதர், மாத்திரையை நிறம் வைத்துத்தான் அறிவார்.

"என்னுது ரோசுல இருக்கும். இது நீலமாவுல இருக்கு?"

"கம்பெனி வேற சித்தப்பா, அதான் கலர் வேற. மருந்து ஒண்ணுதான். தைரியமாப் போடுங்க."

பெயருக்குப் பக்கத்தில், மருந்தின் அளவைச் சொல்லும் எண் ஒன்று சின்னதாக இருந்தது. அவருடைய சீட்டில் ஒன்று. அய்யாவின் அட்டையில் நான்கு. பெயரைப் பார்த்தேன், தேதியைப் பார்த்தேன், அதைப் பார்க்கவில்லை. நிறத்தைப் பார்த்துச் சந்தேகப்பட்டவரை, எழுத்தைப் பார்த்த நான் வாயை அடைத்து அனுப்பினேன்.

மூன்று நாளும் போட்டார். மூன்றாம் நாள், சும்மா இருக்கும்போதே வியர்க்கிறது, கை லேசாக நடுங்குகிறது, ஆனால் உடம்பு காற்றாக இருக்கிறது என்றார். மருந்து கேட்கிறது என்று சொல்லிச் சிரித்தேன்.

ஆடி அமாவாசைக்கு சேதுக்கரைக்கு வேன் பிடித்துப் போனோம். அய்யா போன பிறகு வரும் முதல் ஆடி அமாவாசை. எள்ளும் தண்ணீரும் இறைக்க வேண்டியவர் சித்தப்பா. முதல் நாள் பொழுது சாயுமுன் சாப்பிட்டதோடு சரி. காரியம் முடியும்வரை பச்சைத் தண்ணீர் பல்லில் படக் கூடாது என்று உறுதியாக இருந்தார். ஆனால் காலையில் மாத்திரையை மட்டும் எச்சில் கூட்டி விழுங்கினார். எங்கள் பக்கம் விரதத்துக்கு மாத்திரை கணக்கில் வராது. அது சாப்பாடு இல்லையே. வேனில் என் பக்கத்தில் உட்கார்ந்துதான் விழுங்கினார். நானும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

அன்று கடற்கரையில் நிற்க இடமில்லை. அவர் முறை வருவதற்குள் வெயில் ஏறிவிட்டது. மூன்று முங்கு முங்கி, பிண்டத்தைக் கரைத்துவிட்டுக் கரையேறியவர் ஈர வேட்டியோடு மணலில் உட்கார்ந்துவிட்டார். உடம்பெல்லாம் வியர்வை. கடல் தண்ணீர் என்றுதான் முதலில் நினைத்தோம். பேச்சு குழறியது. என்னைப் பார்த்து அண்ணே என்றார். சித்தி பதறிப்போய்ப் பக்கத்துக் கடையிலிருந்து ஒரு கலர் சோடா வாங்கி, மூடியைத் திறந்து, அவர் வாயருகே கொண்டுபோனார். அவரும் கை நீட்டினார்.

நான் அந்தக் கையைப் பிடித்து இறக்கினேன்.

"சித்தி, சுகர்காரருக்குக் கலரக் குடுக்குறீகளே. கொல்லப் பாக்குறீகளா? தண்ணி மட்டும் குடுங்க."

சித்தி பாட்டிலை மணலில் வைத்துவிட்டார். படித்தவள் சொன்னால் கேட்க வேண்டும் அல்லவா. நெற்றியில் திருநீறு பூசினோம், முந்தானையால் விசிறினோம். ஆம்புலன்ஸ் அந்தக் கூட்டத்தைத் தாண்டி வருவதற்குள் அவருக்கு நினைவு தப்பியிருந்தது.

ராமநாதபுரம் பெரிய ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்துப் பார்த்த டாக்டர், சர்க்கரை அடியோடு இறங்கிவிட்டது என்றார். ஏறிவிட்டது என்றுதான் நான் நினைத்திருந்தேன். இறங்கினாலும் ஆள் விழுவார் என்பது டாக்டரம்மாவுக்குத் தெரியாது. விழுந்ததும் கொஞ்சம் இனிப்பு கொடுத்திருக்கக் கூடாதா என்று அவர் கேட்டார். என்ன மாத்திரை போட்டார் என்றும் கேட்டார். சுகருக்குப் போடுகிற மாத்திரைதான் என்றேன். யாருடையது என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. ஏற்றிய குளுக்கோஸ் மூளைக்கு உதவவில்லை. மூன்றாம் நாள் இறந்தார்.

அண்ணனுக்கு எள்ளுத் தண்ணீர் இறைத்த இடத்திலேயே தம்பி விழுந்தார், அண்ணன்தான் கூப்பிட்டுக்கொண்டார் என்று ஊர் பேசியது. இப்படி ஒரு பாசமா என்று அழுதார்கள். நானும் தலையை ஆட்டிக்கொண்டு அழுதேன். அந்தப் பேச்சு எனக்கு வசதியாக இருந்தது. இதைவிடக் கேவலமாக நான் ஒருபோதும் இருந்ததில்லை.

ஆறு மாதம் கழித்து, தை மாதத்தில் ஒரு நாள் காலை, சித்தி ஒரு மஞ்சள் பையோடு வந்தார். மெலிந்துபோயிருந்தார். பையை என் முன்னால் கவிழ்த்தார். காய்ச்சல் மாத்திரை, தைலம், இறுகிப்போன இருமல் மருந்து, அவற்றுக்கு நடுவே அய்யாவின் நீல அட்டை.

"எனக்கும் சுகர்னு சொல்லிட்டாக ஆத்தா. ஒங்கய்யா மாத்திர நல்லாக் கேக்குதுனு அவுக சொல்லுவாக. தூக்கிப் போட மனசு வரல. நான் போடலாமானு பாத்து எடுத்துக் குடு."

எனக்கு ஒரு வழி இருந்தது. தேதி முடிந்துவிட்டது என்று சொல்லி வாங்கி வைத்துக்கொண்டால் போதும். அவருக்கு வாசிக்கத் தெரியாது. வாயைத் திறந்தேன், அந்தப் பொய் வரவில்லை. அட்டையில் அந்த எண்ணைத் தொட்டுக் காட்டினேன். ஒன்று, நான்கு, வெறும் வயிறு, எல்லாவற்றையும் சொன்னேன். நடுவில் அழுதேன். அவர் அழவில்லை. கேட்டுக்கொண்டே இருந்தார்.

கடைசியில் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"அந்தக் கலரக் குடிச்சிருந்தாகன்னா?"

"பொழச்சிருப்பாக சித்தி."

அவர் மற்ற மருந்துகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கிப் பைக்குள் போட்டார். நீல அட்டையை மட்டும் எடுத்து என் உள்ளங்கையில் வைத்து, என் விரல்களை மடக்கி மூடினார்.

"இது ஒங்க வீட்டுது. நீயே வச்சுக்க."

அதற்குப் பிறகு அவர் எங்கள் வாசலுக்கு வரவில்லை. அடுத்த வீடுதான், சாம்பார் தாளிக்கிற வாசனை வருகிறது, பேச்சு இல்லை.

மருந்துக்கடையில் திருப்பி வாங்குவார்களா என்று கேட்டேன், பில் இருக்கிறதா என்றார்கள். ஆஸ்பத்திரி நர்சம்மா, வெளி மருந்தை நாங்கள் எடுப்பதில்லை, குப்பையில் போடுங்கள் என்றார். குப்பைமேட்டில் ஆடு மேய்கிறது, பிள்ளைகள் பொறுக்குகிறார்கள். புதைக்கலாம் என்றால் ஊருணித் தண்ணீரைத்தான் ஊரே குடிக்கிறது. பத்தில் நான்கு போக ஆறு மாத்திரை. இப்போது நிஜமாகவே தேதி முடிந்துவிட்டது. ஆணியில்தான் தொங்குகிறது. யாராவது வந்து, இது ஆகுமா என்று அட்டையை நீட்டினால், எனக்குப் படிக்கத் தெரியாது என்று சொல்லிவிடுகிறேன்.