சுண்ணாம்புக் கோடு

கூரை ஒழுகுகிற பள்ளிக்கூடத்துக்கு அரசாங்கம் புத்தம் புதிய மைதானம் போட்டுக் கொடுத்தபோது, ஏன் என்று ஒருவரும் கேட்கவில்லை. வகுப்பறைகளில் மழைத்தண்ணீருக்கு வாளி வைத்திருந்தார்கள். வெளியே ஓடுகளமும் ஏறுகயிறும் பளபளத்தன. பிள்ளைகளுக்கு இலவசமாக ஷூ வேறு. எல்லோரையும் விடப் பூரித்துப் போனவள் விளையாட்டு டீச்சர்தான். கிழிந்த பந்துக்கு ஒட்டுப் போட்டே காலம் தள்ளியவள் அவள். ஊர் அவளை விசில் டீச்சர் என்று கூப்பிட்டது. வீட்டில் தம்பியைச் சாப்பிடக் கூப்பிடுவதற்கும் அவளுக்கு விசில்தான்.

வருடா வருடம் உடல்தகுதித் தேர்வு நடக்கும். பள்ளிக்கூடத்தை முடித்துவிட்ட இளைஞர்களும் வரலாம். ஓட்டம், கயிறு ஏறுதல், கட்டை எறிதல். மூன்றிலும் தேறினால் பித்தளை பேட்ஜ். பேட்ஜ் உள்ளவனுக்கு அரசு வேலையில் முதலிடம் என்று சொன்னதும் ஊரே மைதானத்தில் கூடிவிட்டது.

இந்தக் கட்டை எறிதல்தான் கொஞ்சம் விசித்திரம். கைப்பிடி வைத்த மரக்கட்டை, தலையில் இரும்புப் பூண். இடுப்புயரச் சுவருக்குப் பின்னால் நின்று எறிய வேண்டும். எதிரே தரையில் போட்டிருக்கும் சுண்ணாம்புக் கோட்டைத் தாண்டி விழ வேண்டும். எறிந்த கையோடு சுவருக்குப் பின்னால் குனிந்துவிட வேண்டும். குனியாதவன் எவ்வளவு தூரம் எறிந்தாலும் மதிப்பெண் கிடையாது.

“எறிஞ்சாச்சு, சரி. அப்புறம் யாருக்குடா இந்தக் கும்பிடு?” என்று டீச்சரே கிண்டலடிப்பாள். பிள்ளைகள் சிரித்துக்கொண்டே குனிவார்கள். தூக்கத்தில் சொன்னாலும் குனிகிற அளவுக்கு அவர்களைப் பழக்கி வைத்தாள். நல்ல டீச்சர், வேறென்ன சொல்வது.

அம்மா போனபிறகு தம்பியை வளர்த்தது அவள்தான். சின்ன வயதில் மாடிப்படியில் விழுந்ததில் அவனுடைய வலது முழங்கை முழுதாக நீளாது. ஓடச் சொன்னால் பறப்பான், கயிற்றில் விறுவிறுவென்று ஏறுவான். கட்டை மட்டும் கோட்டுக்கு முன்னாலேயே பொத்தென்று விழும். தபால் நிலைய வேலை வேண்டும் என்று அவன் ஆசைப்பட்டான். பேட்ஜ் இல்லாமல் அந்த வாசலையே மிதிக்க முடியாது.

தேர்வன்று காலை யாரும் வருவதற்குமுன் டீச்சர் மைதானத்துக்குப் போனாள். இருந்த கோட்டைக் காலால் அழித்துவிட்டு, சுவர்ப் பக்கமாக நாலைந்து எட்டு வந்து புதுக் கோடு போட்டாள். இதில் யார் குடி கெட்டுவிடப் போகிறது என்று நினைத்தாள். அன்றைக்குத் தம்பிக்கு பேட்ஜ் கிடைத்தது. படுக்கும்போதும் அவன் அதைக் கழற்றவில்லை.

அடுத்த வருடம் எல்லையில் சண்டை மூண்டது. பேட்ஜ் வைத்திருப்பவர்கள் முதலில் வர வேண்டும் என்று வானொலி சொன்னது. மறுநாளே ராணுவ அதிகாரி ஒருவர் பெட்டியோடு மைதானத்துக்கு வந்து, சுவரைத் தட்டிப் பார்த்துத் திருப்தியாகச் சிரித்தார்.

“எங்களுக்கு வேலையே வைக்கலையே டீச்சர். பசங்க எல்லாம் தயாரா இருக்காங்க.”

பெட்டியைத் திறந்தார். உள்ளே வரிசையாகக் கையெறி குண்டுகள். அதே கைப்பிடி. அதே பூண். டீச்சர் தரையில் இருந்த சுண்ணாம்புக் கோட்டைத் திரும்பிப் பார்த்தாள்.

“அப்ப அந்தக் கோடு எதுக்கு சார்?”

“வெடிச்சா சில்லு அவ்வளவு தூரம் தெறிக்கும். அதுக்கு இந்தப் பக்கம் விழுந்தா எறிஞ்சவனும் காலி.” காய்கறி விலை சொல்வது போலச் சொன்னார். “பின்ன, ஓடி விளையாடட்டும்னா இவ்வளவு கொட்டிக் கொடுத்தாங்க?”

 இத்தனை வருடமும் விளையாட்டு என்றுதானே நினைத்தாள்.

“சார், என் தம்பிக்குக் கை சரியில்ல. அவ்வளவு தூரம் எறிய வராது. நான்தான் கோட்டைக் கிட்டப் போட்டு பேட்ஜ் குடுத்தேன்.”

“பசங்களைக் கூட்டிட்டுப் போற ஊர்லெல்லாம் அக்கா, அம்மா எல்லாரும் ஏதாவது ஒரு கதை சொல்றாங்க,” என்றார் அவர். “பேட்ஜ் இருந்தா தேறினவன்தான். காலையில வண்டி கிளம்புது.”

சாயங்காலம் தம்பியை மைதானத்துக்கு இழுத்துக்கொண்டு போனாள். கோடு முதலில் இருந்த இடத்தில் சுண்ணாம்பைக் கொட்டி அழுத்தமாகக் கோடு இழுத்தாள். அவன் கையில் கட்டையைக் கொடுத்து, “எறி,” என்றாள். மூச்சைப் பிடித்து எறிந்தான். கட்டை கோட்டுக்கு வெகு முன்னாலேயே விழுந்து, உருண்டு நின்றது.

“இன்னொரு தடவை எறிடா.”

அதுவும் அங்கேயேதான் விழுந்தது. எறிந்த கையோடு அவன் அழகாகக் குனிந்திருந்தான், அவள் பழக்கிய மாதிரியே. சுவருக்குப் பின்னாலிருந்து சிரிப்புக் குரல் மட்டும் வந்தது.

“எதுக்குக்கா இவ்வளவு தூரத்துல போட்ட? அன்னைக்கு மாதிரி கொஞ்சம் கிட்டப் போடேன்.”

சுண்ணாம்பு டப்பா அவள் கையில்தான் இருந்தது.