மாமிக்கு மாட்டிய கீச்சான்

அமெரிக்காவிலிருந்து திரும்பிய என் அண்ணன், அங்கே ஆசையாக வாங்கிய தூண்டிலை என் தலையில் கட்டிவிட்டு பெங்களூருக்குக் குடிபோனான். புழு குத்திப் போடும் தூண்டில் அல்ல. கொக்கியில் இறகையும் நூலையும் சுற்றிப் பூச்சிபோலக் கட்டியிருப்பார்கள். அந்தப் பொய்ப்பூச்சிக்கு எடையே கிடையாது. தடித்த நூலை முன்னும் பின்னும் வீசி, அந்த வேகத்தில்தான் பூச்சியைத் தண்ணீரில் இறக்க வேண்டும். நானோ அதுவரை மீனைக் குழம்புச் சட்டியில் தவிர வேறெங்கும் சந்தித்ததில்லை.

மந்தைவெளியில் எங்கள் அடுக்ககத்தின் மொட்டைமாடியில், செல்போனில் வீடியோ பார்த்துப் பழக ஆரம்பித்தேன். நூல் சாட்டைமாதிரி சொடுக்கியதே தவிர, நீளவில்லை. ஒரு மாலை கொக்கி போய்க் கொடியில் காய்ந்த சுங்குடிப் புடவையில் மாட்டிக்கொண்டது. பிய்த்துக்கொண்டிருந்தபோது, புடவைக்குச் சொந்தக்காரியே வந்து நின்றாள். கீழ்வீட்டு மாமி, வங்கி வேலையிலிருந்து ஓய்வு பெற்றவள்.

“ஏம்மா, மீன் தண்ணிலன்னா இருக்கும். மாடில என்ன தேடிண்டிருக்க?”

விளக்கினேன். புடவையைப் பற்றி ஒரு வார்த்தை பேசாமல், பிடித்த மீனை என்ன செய்வாய் என்று கேட்டாள். திரும்ப விட்டுவிடுவேன் என்றேன். கொல்வதில்லை என்றால் தானும் வருவதாகச் சொல்லிக் கோலுக்குக் கையை நீட்டினாள்.

அன்றிலிருந்து மாலைகளில் இரண்டு பேரும் மாடிக்குப் போனோம். கொக்கியைக் கழற்றிவிட்டுச் சிவப்புக் கம்பளி நூல் துண்டு ஒன்றைக் கட்டினோம். நான் ஈ ஓட்டுகிறவளைப்போல விசிறுவேன். மாமியோ நூல் பின்னால் முழுதாக நீளும்வரை பொறுத்து, அப்புறம் முன்னால் வீசினாள். எனக்குக் கொஞ்சம் பொறாமையாகவே இருந்தது.

ஒரு ஞாயிறு விடிந்ததும், ஆட்டோவுக்கு வெளியே கோல் நீட்டிக்கொண்டிருக்க, பட்டினப்பாக்கம் போனோம். அடையாறு கடலில் சேரும் இடம். கடற்காற்று என் முதல் வீச்சை அப்படியே திருப்பி என் தலைமுடியில் போட்டது. பக்கத்தில் வலை உதறிக்கொண்டிருந்தவர் வேலையை நிறுத்திவிட்டு எங்களைப் பார்த்தார்.

“இன்னாக்கா, புழு எங்க கீது?”

இறகுப் பூச்சியைக் காட்டினேன். சிரித்தார். ஆனால் போகவில்லை, மணலில் உட்கார்ந்துகொண்டார்.

மாமி கடற்காற்றுக்கு முதுகு காட்டி, ஆற்றுப் பக்கமாகத் திரும்பி நின்று வீசினாள். கொஞ்ச நேரத்தில் நூல் வெடுக்கென்று இழுபட்டது. கரைக்கு வந்தது உள்ளங்கையளவுக் கீச்சான், உடம்பில் கறுப்புக் கோடுகளோடு. அது கர்கர் என்று சத்தம் போட்டதும் மாமி கோலை என் கையில் திணித்துவிட்டுப் பின்வாங்கினாள். கையை நனைத்துக்கொண்டு நான்தான் கொக்கியைக் கழற்றினேன். துடுப்பு முள் கட்டைவிரலில் நறுக்கென்று குத்தியது. தண்ணீரில் விட்டதும் மீன் ஒரே பாய்ச்சலில் மறைந்தது.

“இன்னாமா, வுட்டுட்டீங்க? கொழம்புக்கு ஆவுமே,” என்றார் வலைக்காரர்.

“எங்காத்துல இன்னிக்கு வெண்டக்கா கொழம்புப்பா,” என்றாள் மாமி.

அவர் வயிறு குலுங்கச் சிரித்தார். மாமிக்கும் சிரிப்பு தாங்கவில்லை. வீடு வரும்வரை அந்த மீன் போட்ட சத்தத்தை ஆட்டோக்காரருக்கு நடித்துக் காட்டிக்கொண்டே வந்தாள்.

எனக்கு முதல் மீன் கிடைக்க இன்னும் சில ஞாயிறுகள் ஆயின. விரல் நீளம்கூட இல்லாத பொடி மீன். மாமிதான் படமெடுத்தாள். படத்தில் மீன் எங்கே என்று அண்ணன் இன்றுவரை கேட்டுக்கொண்டிருக்கிறான்.