மடியில் வந்த ரயில்பெட்டி

எனக்குப் பேஸ்மேக்கர் வைத்த நாளிலிருந்து அதை என்னைவிட அதிகமாகக் கவனித்துக்கொண்டவள் என் மகள். மொபைலை இடது பக்கம் வைக்காதே, இண்டக்‌ஷன் அடுப்பின் மேல் குனியாதே, மாலுக்குப் போனால் செக்யூரிட்டி வாசலில் நின்று கதை பேசாதே என்று சொல்லிக்கொண்டே இருப்பாள். காக்ஸ் டவுன் வீட்டில் நாங்கள் இருவர்தான். அவள் அப்பா இறந்த பிறகு, எனக்கு ஒரு தும்மல் வந்தால்கூட அவளுக்குப் பயம்.

அப்படிப்பட்டவள்தான் அன்று அந்தப் பெட்டியை என் மடியில் வைத்தாள்.

அவளும் கூடப் படித்த இரண்டு பையன்களும் வேலையை விட்டுவிட்டு, லிங்கராஜபுரத்தில் ஒரு ஷெட்டை வாடகைக்கு எடுத்திருந்தார்கள். தண்டவாளத்தைத் தொடாமல் காந்தத்தின் பலத்தில் மிதந்து ஓடும் ரயில் ஜப்பானிலும் சீனாவிலும் உண்டு. அதில் ஒரு வகையை இவர்கள் சின்ன அளவில் செய்துகொண்டிருந்தார்கள். பெட்டியின் அடியில் பலமான காந்தங்கள் இருக்கும். முதலில் சிறு சக்கரங்களில்தான் உருளும். வேகம் பிடித்ததும் கீழே இருக்கும் அலுமினியத் தகடே அதை மேலே தள்ளிவிடும். இதைச் சாப்பாட்டு மேஜையில் எத்தனையோ தடவை எனக்கு விளக்கியிருக்கிறாள். அலுமினியத்தில் காந்தம் ஒட்டாதே என்று நான் கேட்பேன். ஒட்டாததுதான் விஷயமே என்பாள். எனக்குப் பாதி புரியும்.

அன்று இந்திரா நகரில் ஒரு கல்லூரி அரங்கில், பணம் போட முன்வரக்கூடிய சிலருக்கு அதை ஓட்டிக் காட்டுவதாக ஏற்பாடு. தண்டவாளம் காலையிலேயே டெம்போவில் போய்விட்டது. பெட்டி மட்டும் எங்கள் வீட்டில் இருந்தது. அதன் ஃபைபர் மூடி விரிசல் விட்டிருந்ததால், அவள் வீட்டுக்குக் கொண்டுவந்து ஒட்டிப் பெயின்ட் அடித்திருந்தாள். அது ஓடுவதை நான் ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. அதனால் நான் வேலை செய்யும் பள்ளிக்கு லீவு போட்டுவிட்டு நானும் கிளம்பினேன்.

வழக்கமாக அந்தப் பெட்டி ஸ்பாஞ்ச் வைத்த மரப்பெட்டிக்குள்தான் போகும். லேப்டாப் பை, வயர்கள், பேட்டரி எல்லாம் ஏற்றிய பிறகு ஆட்டோவில் மரப்பெட்டிக்கு இடமில்லை. ரயில்பெட்டியை மட்டும் எடுத்து பெட்ஷீட்டில் சுற்றி என்னிடம் கொடுத்தாள். ஒரு வயதுக் குழந்தையின் கனம் இருந்தது. ஆட்டோ கிளம்பியதும் அது என் கையை மீறிப் பக்கத்துக் கம்பியை நோக்கி இழுத்தது. உயிருள்ளது போல இருந்தது.

"கம்பி பக்கம் விடாத மம்மி, போய் ஒட்டிக்கிச்சுன்னா பிரிக்கவே முடியாது. உன் மேல சாச்சு புடிச்சுக்கோ" என்றாள்.

அவள் சொன்னபடியே சாய்த்துப் பிடித்துக்கொண்டேன். அடிப்பக்கம் என் நெஞ்சில் படிந்திருந்தது.

அல்சூர் ஏரிப் பக்கம் ரோட்டைத் தோண்டிப் போட்டிருந்தார்கள். ஒவ்வொரு பள்ளத்திலும் பெட்டியை இன்னும் இறுக்கிக்கொண்டேன். கொஞ்ச தூரத்தில் என் கழுத்துக்குள் யாரோ தட்டுவது போல இருந்தது. குலுக்கல்தான் என்று நினைத்தேன். டிராஃபிக்கில் ஆட்டோ நின்றது. தட்டல் நிற்கவில்லை. பள்ளி அணிவகுப்பில் டிரம் அடிப்பது போல, வேகமாக, ஒரே சீராக அடித்தது. என் இதயம் அப்படி அடித்து நான் அறிந்ததில்லை. கண் இருட்டியது, மேலுதடு வேர்த்தது. மகள் லேப்டாப்பில் அன்றைக்குப் பேச வேண்டியதைப் படித்துக்கொண்டிருந்தாள்.

"தலை சுத்துது. கழுத்துல என்னமோ அடிக்குது" என்றேன்.

அவள் என் மணிக்கட்டைப் பிடித்து நாடி பார்த்தாள். பிறகு அவள் பார்வை மணிக்கட்டிலிருந்து மெல்ல மேலேறி, என் நெஞ்சோடு கிடந்த பெட்ஷீட் மூட்டைக்கு வந்தது. அந்த முகத்தை நான் மறக்க மாட்டேன். அவள் கத்தவில்லை. மூட்டையை என்னிடமிருந்து பிடுங்கிக்கொண்டு, நின்றிருந்த பைக்குகளுக்கு நடுவே இறங்கி ஓடினாள். ஏரிக் கம்பிவேலி ஓரம் போய் நின்றுகொண்டு அங்கிருந்தே ஆட்டோக்காரரிடம் சொன்னாள்.

"அண்ணா, மம்மிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க. நான் கிட்ட வரக் கூடாது."

ஆட்டோக்காரர் திரும்பி என்னைப் பார்த்தார். "ஏனாயித்தம்மா, பொண்ணுக்கு?" என்று, என்ன ஆயிற்று என்பதைப் பாதிக் கன்னடத்தில் கேட்டார். எனக்கு என்ன தெரியும்? அவளுக்குத்தான் புத்தி பிசகிவிட்டது என்று நினைத்தேன். பின்னால் எல்லோரும் ஹாரன் அடித்தார்கள். ஆட்டோ நகர்ந்தது. வேலியோரம் மூட்டையைக் கட்டிக்கொண்டு நின்ற அவள் சின்னதாகிக்கொண்டே போனாள்.

உடனே போன் வந்தது. வலது காதில் வைத்துக்கொள் என்றுதான் முதலில் சொன்னாள். பிறகு, இப்போது எப்படி இருக்கிறது என்று கேட்டாள். அப்போதுதான் கவனித்தேன்.

"நின்னுடுச்சு" என்றேன்.

அந்தப் பக்கம் சத்தமே இல்லை. நான் சொன்னதை அவள் எப்படி எடுத்துக்கொண்டாள் என்று எனக்கு உறைத்ததும், அந்த அடிதான் நின்றது, நான் நன்றாக இருக்கிறேன் என்று அவசரமாகச் சொன்னேன். அவள் அழ ஆரம்பித்தாள்.

"காந்தம் மம்மி அது. நானே உன் நெஞ்சுல சாய்க்கச் சொன்னேன்."

ஆட்டோக்காரரைச் சீக்கிரம் போகச் சொன்னது அதற்குப் பிறகுதான்.

ஆஸ்பத்திரியில் ஒரு கருவியை நெஞ்சின் மேல் வைத்துப் பார்த்தார்கள். எல்லாம் சரியாக இருந்தது. டாக்டர் பதறவே இல்லை. பலமான காந்தம் பக்கத்தில் வந்தால் பேஸ்மேக்கர் இதயத்தைக் கவனிப்பதை நிறுத்திவிட்டுத் தன்பாட்டுக்கு ஒரே வேகத்தில் அடிக்கும், எடுத்துவிட்டால் பழையபடி ஆகிவிடும் என்றார். சோதனை செய்ய நாங்களே மேலே காந்தம் வைப்பதுண்டு என்றும் சொன்னார். அவருக்கு அது சாதாரணம். எனக்கு அப்படி இல்லை. வயர் இல்லை, இதயத்தைத் தொடவும் இல்லை. பெட்ஷீட்டையும் புடவையையும் தோலையும் தாண்டி வந்து, என் இதயம் எப்படி அடிக்க வேண்டும் என்று ஒரு விளையாட்டு ரயில் முடிவு செய்திருக்கிறது. ஆட்டோவில் உட்கார்ந்து அதை நான் குழந்தை போலக் கொஞ்சிப் பிடித்திருந்தேன்.

மகள் வந்தாள். கூட்டாளிப் பையன் ஒருவன் பைக்கில் வந்து பெட்டியை வாங்கிப் போயிருந்தான். நேரே என்னிடம் வராமல், குழாயில் முழங்கை வரை தேய்த்துக் கழுவிவிட்டுத்தான் என்னைத் தொட்டாள். காந்தம் கையில் ஒட்டியிருக்காது என்பது அவளைவிட யாருக்குத் தெரியும்? அரை கை தூரம் தள்ளி இருந்தால் போதும் என்று டாக்டர் சொன்னார். எதற்கும் பத்துக் கேள்வி கேட்பவள் தலையை மட்டும் ஆட்டினாள்.

சாயங்காலம் அந்தப் பையன் போன் செய்தான். பெட்டி நன்றாக மிதந்ததாம், வந்தவர்கள் மறுபடியும் பேசக் கூப்பிட்டிருக்கிறார்களாம். கேட்டுவிட்டுப் போனை வைத்தாள். மறுநாள் காலை ஃப்ரிட்ஜைப் பார்த்தால் கதவு மொட்டையாக இருந்தது. வேளாங்கண்ணி மாதா, குழந்தை இயேசு என்று ஒட்டியிருந்த காந்தப் படங்களையெல்லாம் கழற்றி எங்கோ வைத்துவிட்டாள். அதெல்லாம் ஒன்றும் செய்யாது என்றேன். அவள் கேட்கவில்லை.

"நான் இத விட்டுடறேன் மம்மி" என்றாள்.

விடுவதற்கு முன்னால் எனக்கு ஒரு தடவை ஓட்டிக் காட்டு என்றேன். முடியாது என்றாள். சில வாரங்கள் இதே பேச்சுதான். கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சர்ச்சில் பூசை முடிந்ததும் ஷெட்டுக்குக் கூட்டிப்போனாள். டாக்டர் சொன்ன தூரத்தைப் போலப் பல மடங்கு தள்ளிக் குறுக்கே கயிறு கட்டி, அதற்குப் பின்னால் நாற்காலி போட்டிருந்தாள். பையன்கள் என்னிடம் பேசவே பயந்தார்கள்.

பெட்டி கடகடவென்று உருண்டது. வேகம் கூடியது. திடீரென்று சத்தம் அறுந்துபோனது. ஓட்டம் மட்டும் இருந்தது. அடியில் வெளிச்சம் ஒரு கோடாகத் தெரிந்தது. மறுகோடி வரை அப்படியே போயிற்று. நான் நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டேன். மகள் ஓடி வந்து, என்ன செய்கிறது, கழுத்தில் அடிக்கிறதா என்று கேட்டாள். அடிக்கத்தான் அடித்தது. ஆனால் இது என் சொந்த அடி.

வீட்டுக்கு வரும் வழியில் கேட்டேன். "இது நிஜமா பெரிசா ஓடினா, அதுல நான் ஏறலாமா?"

வெளிநாட்டு ரயில்களில் காந்தம் உட்காருகிற இடத்துக்கு வராமல் தடுப்பு வைக்கிறார்கள் என்றாள். உன் ரயிலில் என்று மறுபடி கேட்டேன். இதை விட்டுவிடுகிற பேச்சு அதோடு நின்றுபோனது.

இப்போது பெட்டியின் தரைக்கு அடியில் இரும்புத் தகடு போட்டிருக்கிறார்கள். சீட் வர வேண்டிய உயரத்தில் மீட்டர் வைத்துக் காந்தம் எவ்வளவு வருகிறது என்று பார்க்கிறாளாம். நன்றாகக் குறைந்துவிட்டதாம். ஆனால் கனம் கூடிவிட்டதால் பெட்டி சரியாக எழும்பவில்லை. தகடு வேண்டாம் என்று பையன்கள் இரண்டு பேரும் சொல்கிறார்கள், இல்லாமல் ஓட்ட விடமாட்டேன் என்று இவள் சொல்கிறாள். தினமும் போனில் இதே சண்டைதான். நேற்றுகூடச் சோறு ஆறிப்போகும்வரை பேசிக்கொண்டிருந்தாள்.