படிகாரமும் பச்சை லோஷனும்

ஆண்பிள்ளைகள் சவரம் செய்த பிறகு முகத்தில் எதையாவது பூசத்தான் வேண்டுமா என்கிற வழக்கு எங்கள் வீட்டில் ஒரு மழைக்காலம் முழுக்க நடந்தது. நாட்டில் அதைவிடப் பெரிய பிரச்சினைகள் அப்போது இருந்திருக்கும். நான்காம் வகுப்பில் படித்துக்கொண்டிருந்த எனக்கு அவை தெரியாது. கொடைக்கானலில் ஒரு சரிவில் இருந்தது எங்கள் வீடு. காலையில் எழுந்தால் மூடுபனியில் எதிர்வீடு கண்ணுக்குத் தெரியாது. பின்வாசலில் அப்பாவும் மாமாவும் போடும் சண்டை மட்டும் சுத்தமாகக் கேட்கும்.

மாமா அம்மாவின் தம்பி. அம்மாவுக்குக் கல்யாணமான கையோடு கால்சட்டைப் பையனாக எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தவர். இங்கேயே படித்து, வளர்ந்து, வெளியூர்க்காரர்கள் வந்து தங்கும் ஒரு ஓட்டலில் வேலைக்கும் போய்விட்டார். அப்பா மிஷன் பள்ளிக்கூடத்து வாத்தியார். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் சின்னப் பிள்ளைகளுக்கு வேதபாடம் எடுப்பதும் அவர்தான். நோவா பேழையில் ஆரம்பித்தாலும் சரி, தாவீதின் கவணில் ஆரம்பித்தாலும் சரி, பொய் சொல்லக் கூடாது என்பதில் கொண்டுவந்து முடித்துவிடுவார்.

இரண்டு பேருக்கும் ஒரே கண்ணாடி. அடுப்படிக்கு வெளியே ஆணியில் தொங்கும். வெந்நீர் ஆவியும் மூச்சுக்காற்றும் பட்டு அது மங்கிப்போக, துண்டால் துடைத்துத் துடைத்துச் சவரம் செய்வார்கள். அப்பாவின் முறை எளிது. சோப்பு, பிளேடு, வெந்நீர், கடைசியில் படிகாரக் கல்லை நனைத்து முகமெங்கும் ஒரு தேய்ப்பு. அதற்கு மேல் அம்மா அடுப்போரம் வைத்து உருக்கித் தரும் தேங்காய் எண்ணெய். எங்கள் ஊர்க் குளிரில் எண்ணெய் பாட்டிலுக்குள் கல்லாகக் கெட்டிப்பட்டுக் கிடக்கும். இத்தனையும் முடிந்து பள்ளிக்கூடத்துக்குப் புறப்படும்போது அப்பாவின் முகம் பளபளவென்று இருக்கும்.

மாமாவிடம் பச்சை நிறத்தில் ஒரு பாட்டில் இருந்தது. ஓட்டலில் தங்கிப்போன வெள்ளைக்காரர் ஒருவர் விட்டுவிட்டுப் போனது. ஆஃப்டர் ஷேவ் லோஷன் என்று மாமா அதன் பெயரைச் சொல்லும்போதே குரலில் ஒரு மரியாதை வரும். உள்ளங்கையில் கொஞ்சம் ஊற்றி, இரண்டு கைக்கும் மாற்றி, கன்னத்தில் பட்பட்டென்று அடித்துக்கொள்வார். ஸ்ஸ்ஸ் என்று ஒரு சத்தம். அடுத்த நொடி வாசனை அடுப்படி வரைக்கும் வந்து இட்லிச் சட்டியைச் சுற்றிக்கொள்ளும்.

"ஓசியில எரிச்சலை வாங்கி மூஞ்சியில பூசுறான் பாரு. வெட்டுக்குப் படிகாரம், குளிருக்கு எண்ணெய். அதுக்கு மேல மூஞ்சிக்கு என்ன மாப்ளே சோலி கெடக்கு?" என்பார் அப்பா.

"உங்க படிகாரத்துக்கு வாசனை இருக்கா அத்தான்?"

"மூஞ்சிக்கு எதுக்கு மாப்ளே வாசனை? அதென்ன பிரியாணியா?"

நான் மனதுக்குள் மாமா கட்சி. அந்தக் குளிரிலும் காலையும் சாயந்தரமும் குளிக்கிற ஒரே மனிதர் அவர். சட்டையை மாட்டியதும் குனிந்து என் பக்கம் தோளைக் காட்டி, "பாப்பா, மாமா மேல ஏதாச்சும் வாடை வருதா?" என்று கேட்பார். நான் மூக்கை வைத்து நன்றாக இழுத்துப் பார்த்து, வாடை இல்லை என்று தீர்ப்புச் சொன்ன பிறகுதான் வாசல்படி இறங்குவார். எனக்கு அது பெரிய உத்தியோகமாகத் தோன்றும்.

இப்படி இருக்கையில் மாமாவுக்குக் கல்யாணப் பேச்சு வந்தது. பேச்சு வந்தது என்ன, அவரே கொண்டுவந்தார். மே மாத ஜெபக் கூட்டத்துக்குக் கீழ்மலைப் பெரும்பாறையிலிருந்து வந்திருந்த ஒரு பெண்ணைச் சர்ச்சில் பார்த்திருக்கிறார். பார்த்ததோடு சரி, பேசவில்லை. ஆனால் கட்டினால் அவளைத்தான், இல்லையென்றால் இப்படியே இருந்துவிடுகிறேன் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டார். பெண்ணின் அப்பா அங்கே காப்பித் தோட்டத்தில் மேஸ்திரி. சொந்தமாகக் கொஞ்சம் நிலமும் ஆரஞ்சு மரங்களும் வைத்திருந்தார். நல்ல மனிதர்தான், ஆனால் குடிக்கிறவன் வாசலை மிதிக்கக் கூடாது என்பதில் இரும்பு. அந்த ஒரு சந்தேகத்திலேயே வந்த மாப்பிள்ளைகளைக் காப்பிகூடக் கொடுக்காமல் திருப்பி அனுப்பியிருக்கிறார் என்று சொன்னார்கள். அப்பா சிரித்தார். "நம்ம மாப்ளே சோடா குடிச்சாலே ஏப்பம் விடப் பயப்படுவான். இவனை வேண்டாம்னு யாரு சொல்லுவா?"

பெண் பார்க்க வெள்ளனே கிளம்பினோம். மாமா வெள்ளைச் சட்டை, மடிப்புக் கலையாத பேண்ட். முகத்தில் அன்றைக்கு லோஷன் கொஞ்சம் தாராளம். போதாததற்குப் பாட்டிலையும் பையில் எடுத்துக்கொண்டார். பஸ் வளைவுகளில் திரும்பும்போது எனக்குக் குமட்டும் என்று அம்மா ஆரஞ்சுத் தோலை என் கையில் கொடுத்து முகர்ந்துகொண்டே வரச் சொன்னாள். மலைப்பிள்ளைகள் எல்லோருக்கும் அந்த வைத்தியம் தெரியும். ஆனால் நான் உட்கார்ந்தது மாமா மடியில். டீசல் புகையும் லோஷனும் ஒன்றாக ஏறும்போது ஒரு துண்டு ஆரஞ்சுத் தோல் என்ன செய்யும்? பண்ணைக்காடு வரும் முன்பே, தின்ற இட்லியையெல்லாம் மாமாவின் வெள்ளைச் சட்டையில் கொட்டிவிட்டேன்.

ஐயோ, அந்த முகம்! ஒரு வார்த்தை திட்டவில்லை. "பாப்பாவுக்கு ஒண்ணுமில்லயே?" என்றுதான் கேட்டார். பஸ் டீக்கடையில் நின்றதும் இறங்கிக் குழாயடியில் சட்டையை அலசி, ஈரத்தோடு மாட்டிக்கொண்டு, தோளை முகர்ந்து பார்த்தார். வாடை போகவில்லை. பையைத் திறந்தார். அம்மா "வேணாம்டா தம்பி" என்று சொல்லச் சொல்ல, நெஞ்சிலும் தோளிலும் கையிலும், பூச்செடிக்குத் தண்ணீர் விடுகிற மாதிரி அந்தப் பச்சைத் தண்ணீரை விட்டுக்கொண்டார்.

"சட்டைக்குமா சவரம் பண்ணியிருக்கு?" என்றார் அப்பா. யாரும் சிரிக்கவில்லை.

பெரும்பாறையில் இறங்கி, ரோட்டிலிருந்து காப்பிச்செடிகளுக்கு நடுவே சரிந்து போகும் பாதையில் நடந்தோம். வீட்டுக்கு முன்னால் காப்பிக்கொட்டை காயப்போடுகிற களம். பெண்ணின் அப்பா வாய் நிறைய, "வாங்க வாங்க, வாத்தியாரையா" என்று களம் வரைக்கும் வந்தார். மாமாவின் கையைப் பிடித்துப் பக்கத்தில் இழுத்தவர், அப்படியே நின்றார். முகத்தில் இருந்த சிரிப்பு மெல்ல அணைந்துபோனதை நான்கூடப் பார்த்தேன்.

உள்ளே உட்கார்ந்தோம். முறுக்கு வந்தது. பெண் வரவில்லை. கொஞ்ச நேரம் மழையைப் பற்றியும் மிளகுக்கொடியைப் பற்றியும் பேச்சு நடந்தது. பிறகு அவர் மாமாவை நேராகப் பார்த்துக் கேட்டார்.

"தம்பி, மனசுல ஒண்ணும் வெச்சுக்காதீங்க. இந்த வாடை எனக்குத் தெரியும். எந்தம்பி ஒருத்தன் இருந்தான். மதுவிலக்குன்னு சாராயக் கடையெல்லாம் மூடிக் கெடந்த காலத்துல, எதுல ஸ்பிரிட் இருக்கோ அதைக் குடிப்பான். நாற்காலிக்கு அடிக்கிற வார்னிஷைக் குடிச்சான். அப்புறம் உங்களை மாதிரிதான், சென்ட் பாட்டில் வாங்கி வெச்சிருந்தான். கேட்டா, மூஞ்சிக்குப் போடுறதுக்குண்ணே, அப்படிம்பான். தோட்டத்து லயத்துல, வீட்டு வாசல்லயே செத்துக் கெடந்தான். நாந்தான் தூக்குனேன்."

மாமாவின் முகம் வெளுத்துவிட்டது. ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை பேசியிருக்கலாம். பேசவில்லை. அம்மாவும் தரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கா பொறுக்கவில்லை. எழுந்து நின்று, "நான் பஸ்ல வாந்தி எடுத்தேன், அதான்!" என்று அறிவித்தேன்.

"பச்சப்புள்ள, அது சொல்றதைச் சொல்லட்டும்" என்றார் அவர். "அந்த மாதிரி பாட்டில் வீட்டுல எதுக்குங்க? முகத்துக்கு மட்டுந்தான்னு நான் எப்படி நம்புறது? பெத்த பிள்ளையைக் கொடுக்கிறவன் கேக்காம இருக்க முடியுமா?"

அப்போதுதான் அப்பா அந்தக் காரியத்தைச் செய்தார். மாமாவின் பையைத் திறந்து பாட்டிலை எடுத்தார். "இது எங்க வீட்டுல எல்லாரும் புழங்குறதுங்க. நானுந்தான் தெனம் போடுறேன்" என்றார். சொல்லிவிட்டு உள்ளங்கை நிறைய ஊற்றினார். எவ்வளவு ஊற்ற வேண்டும் என்பது அவருக்கு எப்படித் தெரியும்? அன்றைக்குக் காலையில் சவரத்தில் தாடையில் வெட்டு வேறு பட்டிருந்தது. பட்டென்று இரண்டு கன்னத்திலும் அடித்தார் பாருங்கள், காது வரைக்கும் சிவந்து, கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. ஆனாலும் முகத்தில் சிரிப்பை விடவில்லை. "குளுகுளுன்னு இருக்கும்" என்றார்.

பொய்! எங்கள் அப்பா, வேதபாடம் எடுக்கிற அப்பா, பச்சைப் பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டு பச்சைப் பொய் சொல்கிறார்! நான் வாயைத் திறந்தேன். அம்மா என் தொடையில் ஒரு கிள்ளு கிள்ளினாள், உயிர் போய்விட்டது. உள்ளே சமையலறைப் பக்கம் யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

பெண்ணின் அப்பா எங்கள் அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தார். "சொல்லி அனுப்புறேன் சார்" என்றார் கடைசியில். சொல்லி அனுப்புகிறேன் என்றால் என்ன அர்த்தம் என்று பெரியவர்களுக்குத் தெரியும். எழுந்து வந்துவிட்டோம்.

பாதையில் பாதி ஏறியிருப்போம். மாமா நின்றார். "அக்கா, நீங்க போய்ட்டே இருங்க" என்று சொல்லிவிட்டுத் திரும்பி இறங்கி ஓடினார். எதையோ மறந்து வைத்துவிட்டார் என்று நினைத்தேன். நாங்கள் ரோட்டுக்கு வந்து காத்திருந்தோம். வெகுநேரம் கழித்து, பஸ் புறப்படப்போகும் சமயத்தில் மாமா மூச்சிரைக்க ஏறி வந்தார். பின்னாலேயே, ஒரு பை ஆரஞ்சுப் பழத்தோடு பெண்ணின் அப்பா. "அடுத்த மாசம் வாங்க சார், உக்காந்து பேசி முடிச்சிருவோம்" என்றார்.

அந்தக் கல்யாணத்தை முடித்துவைத்தது தன்னுடைய கன்னம்தான் என்பதில் அப்பாவுக்குக் கடைசி வரைக்கும் சந்தேகமே கிடையாது. சொன்னது பொய்யாகக் கிடக்கக் கூடாதே என்று மறுநாள் காலையிலிருந்தே படிகாரத்துக்கு மேல் லோஷன் போட ஆரம்பித்துவிட்டார். அந்த பாட்டில் தீர்ந்ததும் பஜாரில் பாய் கடையில் சொல்லிவைத்து வேறு வாங்கினார். எரிச்சலில் முகத்தைச் சுளித்தபடி, "நல்லாத்தான் இருக்கு மாப்ளே" என்பார். வீட்டுக்கு யார் வந்தாலும் பெரும்பாறைக் கதைதான். மாமாவும் ஒருநாள்கூட மறுத்துப் பேசியதில்லை. "ஆமா, அத்தான் மட்டும் இல்லேன்னா" என்று கூடவே சிரிப்பார். லோஷன் தோலுக்கு நல்லதா என்று இன்று யாராவது என்னைக் கேட்டால், படிகாரமே போதும் என்றுதான் சொல்வேன். அதில் நான் அப்பா கட்சிக்கு மாறி வெகுகாலமாகிறது.

அப்பா போய், மாமாவும் போன பிறகு, அத்தைதான் ஒருநாள் இதைச் சொன்னாள். பெரும்பாறைப் பெண், களுக்கென்று சிரித்தவள். அன்றைக்குச் சமையலறை ஜன்னல் வழியாக எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாளாம்.

அம்மாவைப் பெற்ற தாத்தா காய்ச்சலில் இறந்தார் என்றுதான் எனக்குச் சொல்லியிருந்தார்கள். காய்ச்சல் இல்லை, சாராயம். விழுந்து கிடக்கிறவரைத் தூக்கிவர அனுப்பப்பட்டது சின்னப்பிள்ளையாக இருந்த மாமாதான். தோளில் சாய்த்துத் தூக்கி வருவார். அதே சட்டையோடு பள்ளிக்கூடம் போனால் பக்கத்தில் இருக்கிற பையன்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டு தள்ளி உட்காருவார்களாம். இதை அவர் யாரிடமும் பேசியதே இல்லை. அம்மாவும் அவரும்கூடத் தங்களுக்குள் பேசிக்கொண்டதில்லை. அன்றைக்கு ஓடிப்போய், களத்தில் நின்று, பெண் கொடுக்க மாட்டேன் என்று இருந்த மனிதரிடம் சொன்னாராம்: "எங்கப்பாவும் உங்க தம்பி மாதிரிதாங்க செத்தாரு. அந்த வாடை எம்மேல வந்துரக் கூடாதுன்னுதாங்க இதைப் போடுறேன். எங்க அத்தான் சொன்னது எனக்காகச் சொன்ன பொய்யிங்க. அவரைத் தப்பா நெனச்சிராதீங்க." கேட்டவர் களத்து ஓரத்திலேயே உட்கார்ந்து, தம்பி பேரைச் சொல்லி அழுதாராம். மாமாவும் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாராம்.

நான் அதைப் பார்த்தேன். ரோட்டிலிருந்து பார்த்தால் களம் நன்றாகத் தெரியும். இரண்டு பெரிய மனிதர்கள் சிமெண்டுத் தரையில் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தார்கள். பஸ் ஹார்ன் அடித்துவிட்டது, எனக்குப் பசி வேறு. மாமா தன் அப்பாவைப் பற்றி முதல்முதலாக ஒருவரிடம் வாய் திறந்து பேசிக்கொண்டிருந்த அந்த நேரத்தில், வண்டி போயிரும், வெரசா வாங்க மாமா என்று நான் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தேன்.