செக்போஸ்ட்டுக்குப் போன பேட்ஜ்

என் மனைவியின் தம்பி ஒரு மாதம் தன் பிள்ளையைத் தொடவில்லை. பிள்ளை பிறந்து நான்கு மாதம்தான் ஆகியிருந்தது. முப்பத்தாறு வயதில் கல்யாணம் செய்துகொண்டு, ஆறு வருடம் கோயில் கோயிலாகச் சுற்றி, நடுவில் வேளாங்கண்ணிக்கும் ஒரு மெழுகுவர்த்தி நேர்ந்துகொண்டு பெற்ற பெண்குழந்தை. அதை அவன் வாசற்படியில் நின்று, சுங்க அதிகாரி சாமானைப் பார்ப்பதுபோல எட்டிப் பார்த்துவிட்டுப் போவான்.

காரணம், வேலை. அவனுடைய அப்பா புதுச்சேரியில் பஞ்சாலைத் தொழிலாளி. ஆலையை மூடிய பிறகு பிள்ளைகள் கிடைத்த வேலைக்குப் போனார்கள். இவனுக்குக் கிடைத்தது எல்லை தாண்டி, தமிழ்நாட்டுக் கடலோரத்தில் ஓர் அணுமின் நிலையத்தில் பராமரிப்பு வேலை. நிலையத்தின் பெயரைச் சொல்ல மாட்டேன். எனக்கும் பென்ஷன் வாங்கும் ஆசை இருக்கிறது. வேலை நிலையத்தில், சம்பளம் கான்ட்ராக்டரிடம், ஏச்சு இரண்டு பேரிடமும். திங்கட்கிழமை வேனில் போவான், சனிக்கிழமை வருவான்.

உள்ளே வேலை செய்கிறவர்கள் சட்டையில் ஒரு பேட்ஜ் குத்திக்கொள்ள வேண்டும். தீப்பெட்டி அகலத்தில் ஒரு சாமான். உடம்பு எவ்வளவு கதிர்வீச்சு வாங்கியிருக்கிறது என்பதை அது பேசாமல் வாங்கி வைத்துக்கொள்ளும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை சோதனைக்கூடத்துக்கு அனுப்பிப் பார்ப்பார்கள். வேலை முடிந்ததும் வாசலில் உள்ள பலகையில் மாட்டிவிட்டுத்தான் வெளியே வர வேண்டும். இது விதி.

புதுச்சேரிக்காரனுக்கு வேறு விதி. எங்கள் ஊரில் சரக்கு விலை குறைவு என்பது உலகம் அறிந்த செய்தி. எல்லையைத் தாண்டினால் தமிழ்நாட்டுப் போலீஸ் வண்டியை மறித்து, பையைக் குடைந்து, சோற்றுக் கேரியரைக்கூடத் திறந்து சாம்பாரைக் கலக்கிப் பார்ப்பார்கள். ஒரு சனிக்கிழமை மறதியாகப் பேட்ஜைக் கழற்றாமலே வீட்டுக்கு வந்துவிட்ட என் மச்சினன், திங்கட்கிழமை அதைச் சட்டையில் குத்திக்கொண்டு முன்சீட்டில் உட்கார்ந்திருந்தான். போலீஸ்காரர் அதைப் பார்த்தார். மூன்று சிங்கத்தைப் பார்த்ததுபோல விறைத்தார். "அணு ஆளுங்கப்பா, விடு விடு" என்றார். வேனின் பின்சீட்டில் அறைத்தோழர்களுக்கான நான்கு பாட்டில்கள் பத்திரமாக எல்லை கடந்தன.

அன்றிலிருந்து அவனுக்கு முன்சீட்டு நிரந்தரம். சனிக்கிழமை பேட்ஜைப் பலகையில் மாட்டப் போனால் கூடவே போய்வரும் வேன்காரர்களே திட்டினார்கள்: "ஏம்பா, திங்கக்கெழம உங்கப்பனா செக்போஸ்ட்டுல நிப்பாரு?" அறிவியல் மக்களுக்குப் பயன்பட வேண்டும் என்று நானும் பல கட்டுரைகளில் எழுதியிருக்கிறேன்.

சென்ற ஆண்டு ஒரு திங்கட்கிழமை அவனை வாசலிலேயே நிறுத்தினார்கள். "ஒன் பேட்ஜு அதிகமா காட்டிருக்கு. உள்ள வேல கெடையாது. வெளிய புல்லு வெட்டு" என்றார் கான்ட்ராக்டர். எவ்வளவு அதிகம் என்று கேட்டான். "அதெல்லாம் உனக்குப் புரியாது" என்று பதில் வந்தது. அவனுடைய உடம்பைப் பற்றிய செய்தி அவனைத் தவிர எல்லோருக்கும் புரிந்தது.

சனிக்கிழமை இரவு, புதுச்சேரி உப்பளம் பகுதியில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வந்தான். குடும்பத்தில் புத்தகம் படிக்கிறவன் நான் ஒருவன்தான் என்பதால் தலைவலிக்குக்கூட எல்லோரும் என்னிடம்தான் வருவார்கள்.

"மாமா, இது ஒட்டுமா?"

"எது?"

"கதிர்வீச்சு. என் மேலேர்ந்து புள்ளைக்கு."

ஆம் என்றோ இல்லை என்றோ சொல்லியிருக்கலாம். நான் அணுவின் வரலாற்றிலிருந்து தொடங்கினேன். கதிர்வீச்சைக் கண்டுபிடித்ததில் பிரெஞ்சுக்காரர்களின் பங்கைச் சொன்னேன். அந்த விஞ்ஞானிகள் மட்டும் புதுச்சேரிக்கு வந்திருந்தால் ஆளுக்கொரு தெருவுக்குப் பெயர் வைத்திருப்போம் என்று நகைச்சுவையும் சேர்த்தேன். ஆல்பா, பீட்டா, காமா என்று மூன்றையும் விளக்கி முடிக்கும்போது என் மனைவிக்குக் கொட்டாவி வந்துவிட்டது.

"அப்ப ஒட்டுமா, ஒட்டாதா?" என்றான்.

"அது அளவைப் பொறுத்தது" என்றேன். எழுதுகிறவர்கள் எதற்கும் சொல்லும் பதில் இது. நான் அறிவியல் மனப்பான்மை உள்ளவன். அதனால் நாற்காலியை ஓரடி மட்டும்தான் பின்னால் தள்ளிக்கொண்டேன்.

அவன் அதைப் பார்த்துவிட்டான். அன்றிலிருந்து வீட்டில் தனித்தட்டு, தனிப்பாய். பெண்டாட்டி அழுது பார்த்தாள், என்னிடம் வந்து "அண்ணே, நீங்களாவது சொல்லக் கூடாதா?" என்று கேட்டாள். நான்தான் ஏற்கெனவே சொல்லிவிட்டேனே.

ஒரு மாதம் கழித்து நிலையத்தில் ஒரு கூட்டம் வைத்தார்கள். ஒப்பந்தத் தொழிலாளர்கள் குடும்பத்தோடு வரலாம் என்று அறிவிப்பு. துணைக்கு என்னைக் கூப்பிட்டான். வாசலுக்கு வெளியே உள்ள அரங்கில் பெரிய பதாகை: 'பணிசார் கதிரியல் ஏற்பளவு குறித்த தகவல் பகிர்வு நிகழ்வு.' வேலையில் வாங்கிய கதிர்வீச்சு எவ்வளவு என்று சொல்லும் கூட்டம் என்பதை, தமிழில் இரண்டு பட்டம் வாங்கிய நானே இரண்டாம் முறை படித்துத்தான் புரிந்துகொண்டேன். வேன்காரர்கள் அதற்குக் கீழே உட்கார்ந்து மிக்சர் பொட்டலத்தைப் பிரித்தார்கள்.

கதிர்வீச்சுப் பாதுகாப்பு அதிகாரி ஓர் அம்மா. பருத்திப் புடவை, தூக்கம் போதாத கண்கள். திரையில் படம் படமாக ஓடவிட்டார். வாழைப்பழத்தில் கதிர்வீச்சு உண்டு. கருங்கல் வீட்டில் உண்டு. விமானத்தில் பறந்தால் உண்டு. பின்வரிசையில் ஒரு குரல், "அதான்டா நான் வேன்லயே போறேன்" என்றது. இயற்கையில் எங்கெங்கே கதிர்வீச்சு உண்டு என்பது எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. இந்த அரங்கில் உட்கார்ந்திருக்கிற யாருக்கு எவ்வளவு என்பது மட்டும் படத்தில் வரவில்லை.

"கேள்வி ஏதாவது இருக்கா?" என்றார்.

"இல்ல மேடம், எல்லாருக்கும் நல்லா புரிஞ்சிடுச்சு" என்றார் முன்வரிசையில் இருந்த கான்ட்ராக்டர், எல்லோருக்கும் சேர்த்து.

என் மச்சினன் எழுந்தான். என் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டான்.

"மேடம், என் பேட்ஜு அதிகமா காட்டிச்சுன்னு ஒரு மாசமா வெளிய புல்லு வெட்ட வுட்டுருக்காங்க. எவ்ளோன்னு யாரும் சொல்ல மாட்றாங்க."

"அத அப்புறம் பேசிக்கலாம்பா, ஒக்காரு" என்றார் கான்ட்ராக்டர்.

அவன் உட்காரவில்லை. "எவ்ளோன்னுகூட வேணாம் மேடம். புள்ளைய தூக்கலாமா கூடாதா? அத மட்டும் சொல்லுங்க."

மிக்சர் மெல்லும் சத்தம் நின்றது. அந்த அம்மா திரையை அணைத்தார்.

"எத்தன மாசக் கொழந்த?"

"அஞ்சு, மேடம்."

"ஒரு மாசமா தூக்கலையா?"

"வாசப்படிலேர்ந்து பாப்பேன், மேடம்."

"நீங்க வெயில்ல நின்னுட்டு வீட்டுக்குப் போறீங்க. ஒங்க ஒடம்புலேர்ந்து கொழந்த மேல வெயில் அடிக்குமா?"

"அடிக்காது."

"அவ்ளோதான். வெளியேர்ந்து பட்டது பட்டதோட போச்சு, ஒட்டாது. மேல தூசு ஒட்டியிருந்தாத்தான் கவலப்படணும். அத வாசல்ல இருக்கற மிஷினே புடிச்சிடும், ஒங்கள வெளியவே விடாது. தாராளமா தூக்குங்க."

நான் ஒரு மணி நேரம் பேசிக் கெடுத்ததை அந்த அம்மா ஒரு வெயிலை வைத்து முடித்துவிட்டார். அதோடு விட்டிருந்தால் எல்லோரும் நலமாக வீடு திரும்பியிருப்போம். அவர் மடிக்கணினியைத் திறந்து, அவன் பெயரைத் தேடினார்.

"ஒங்க பேட்ஜு எனக்கு ஞாபகம் இருக்கு. அதுல பதிஞ்சது எங்க எடத்துக் கதிர்வீச்சு மாதிரியே இல்ல. எக்ஸ்ரே மாதிரி இருந்துச்சு. பேட்ஜு எக்ஸ்ரே ரூமுக்குப் போச்சான்னு போன மாசமே ஒங்க கான்ட்ராக்டர கேட்டேன். போகலன்னு பதில் வந்துச்சே?"

எல்லோரும் கான்ட்ராக்டரைப் பார்த்தார்கள். அவர் பதாகையைப் பார்த்தார். "பேட்ஜு வெளிய போகக் கூடாதுன்றது ரூல்ஸ் மேடம். அதனால போகலன்னு சொன்னேன்" என்றார். இவ்வளவு சுத்தமான தர்க்கத்தை நான் பழைய உரையாசிரியர்களிடம்கூடப் படித்ததில்லை.

எனக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. இரண்டு மாதம் முன்பு, இவனுக்கு இருமல் நிற்காமல், ஒரு சனிக்கிழமை வேனிலிருந்து இறங்கியவனை அப்படியே ஸ்கூட்டரில் ஏற்றிக் பெரிய ஆஸ்பத்திரி இருக்கும் கோரிமேட்டுப் பக்கம் ஒரு சின்ன எக்ஸ்ரே நிலையத்துக்குக் கூட்டிப்போனது நான்தான். வெளியூர் பஸ் பஸ்ஸாக வந்து இறங்கிய கூட்டம். சட்டையைக் கழற்றச் சொன்னார்கள். இவன் பேட்ஜோடு கழற்றி, நெஞ்சை வைத்து நிற்கிற அந்தத் தகட்டு ஸ்டாண்டின் ஓரத்துக் கொக்கியிலேயே மாட்டியிருக்கிறான். படம் எடுத்ததும் வெறும் உடம்போடு வெளியே வந்து, துண்டைப் போர்த்திக்கொண்டு, என்னோடு டீ குடித்தான். சட்டை ஞாபகம் வந்தது அரைமணி கழித்து. அதற்குள் வரிசையில் நின்ற பாதிப் பேருக்குப் படம் எடுத்து முடித்திருந்தார்கள்.

"நெசமா சொல்லுங்க," என்றார் அந்த அம்மா. "சொன்னாத்தான் அந்தக் கணக்க ஒங்க பேர்லேர்ந்து எடுக்க முடியும். இல்லன்னா அது ஒங்க ஒடம்பு வாங்குனதாவே நிக்கும். பேட்ஜு எதுக்கு வெளிய போச்சு?"

வேன்காரர்கள் அனைவரும் தரையை ஆராய்ந்தார்கள். ஒருவன் மட்டும் "வாணாம்டா" என்று பல்லிடுக்கில் சொன்னான்.

"செக்போஸ்ட்டுக்கு, மேடம்" என்றான் என் மச்சினன்.

"செக்போஸ்ட்டுல என்ன கதிர்வீச்சு?"

"போலீஸு, மேடம்."

பிறகு சட்டை, கொக்கி, இருமல் என்று ஒவ்வொன்றாகச் சொன்னான். பாட்டிலையும் சொன்னான். அந்த அம்மா சிரிக்காமல் இருக்க மேசையில் இருந்த தண்ணீரை எடுத்துக் குடித்தார். குடித்த பிறகும் சிரிப்பு மிச்சம் இருந்தது. "அப்ப இது ஒங்க சட்ட வாங்குனது" என்றார். அந்த எண்ணை அவன் அருகே வந்து காதில் விழும்படி சொன்னார். அதற்கு முந்தைய சோதனைகளின் எண்களையும், வருடத்துக்கு எவ்வளவு வரை அனுமதி என்பதையும் சொன்னார். "இனிமே யார்கிட்டயும் கேக்காதீங்க, நேரா என்கிட்ட வந்து கேளுங்க. ஒங்க ஒடம்பு, ஒங்க கணக்கு."

பேட்ஜை வெளியே கொண்டுபோன குற்றத்துக்காகக் கான்ட்ராக்டர் அங்கேயே அவனை வேலையிலிருந்து நிறுத்தினார். அடுத்த பராமரிப்புக் காலத்தில் பார்க்கலாம் என்றார். தகவலை மறைத்தவருக்குத் தண்டனை இருப்பதாகப் பதாகையில் போட்டிருக்கவில்லை. வேன்காரர்கள் எங்களை ஏற்றிக்கொள்ளவில்லை. திங்கட்கிழமைகளை இழந்த துக்கம் அவர்களுக்கு.

பஸ்ஸில் வந்தோம். வேலை போனவன் வழியெல்லாம் ஜன்னலோரமாக உட்கார்ந்து சீட்டியடித்தான். வேலை இருக்கிற நான்தான் கவலைப்பட்டேன். புதுச்சேரி எல்லையில் பிள்ளைச்சாவடி தாண்டும்போது, "மாமா, நீங்க ஏன் அன்னிக்கு நாற்காலிய நவுத்துனீங்க?" என்று கேட்டான்.

"கால் வலி" என்றேன்.

"ஆமாங், அளவப் பொறுத்தது" என்றான்.

வீட்டுக்குள் நுழைந்ததும் கையை முழங்கை வரை கழுவினான். தேவையில்லை என்று தெரிந்தும் இரண்டாம் முறை சோப்புப் போட்டான். பிறகு பிள்ளையைத் தூக்கினான். ஒரு மாதமாக வாசற்படியில் நின்றவன் திடீரென்று இத்தனை கிட்டத்தில் வந்ததும் அது அவன் மூக்கை ஒரு கணம் பார்த்துவிட்டு, வீறிட்டு அழுதது. அவன் யார் என்று அதற்கு யாரும் தகவல் சொல்லவில்லை.

"ஒட்ட மாட்டேங்குதுடி" என்றான் பெண்டாட்டியிடம், கண்ணைத் துடைக்கக் கை இல்லாமல்.

"எட்ட நின்னு மொறச்சா அது என்னா பண்ணும்?" என்றாள் அவள். "கீழ வுட்றாத. கொஞ்ச நேரம் அழுவட்டும், புடி."

அவன் பிடித்துக்கொண்டே நின்றான்.