வாசலில் கட்டிய பச்சைக் கொத்து

அக்காவும் அத்தானும் ஜெர்மனியின் கொலோன் நகரை விட்டு, நாஹே ஆற்றுப் பக்கத்து வைன் கிராமம் ஒன்றில் வீடு வாங்கினார்கள். புதுமனைக் குடிபூரலுக்கு நேரம் பார்த்தது நான். யாழ்ப்பாணத்துப் பஞ்சாங்கத்தை ஜெர்மனி நேரத்துக்கு மாற்றி, கோடைகாலத்தில் கூடும் ஒரு மணித்தியாலத்தையும் மறக்காமல், ஞாயிறு பத்து நாற்பதுக்கும் பதினொன்றுக்கும் இடையில் பால் பொங்க வேண்டும் என்று எழுதிக் கொடுத்தேன்.

"அதுக்குள்ள பொங்காட்டி நான் இந்த வீட்டில படுக்க மாட்டன்," என்று அக்கா அறிவித்துவிட்டார்.

மாவிலை கொண்டுவர மறந்துபோனோம். அத்தான் வேலியில் பச்சைக் கொப்புகளை வெட்டிக் கொத்தாகக் கட்டி, வாசற்கதவில் தொங்கவிட்டார்.

அந்தப் பக்கத்தில் அதற்கு வேறு பொருள் உண்டு. ஆண்டில் சில வாரங்கள், வைன் செய்கிறவர்கள் தங்கள் முற்றத்திலேயே மேசையும் வாங்கும் போட்டுச் சொந்த வைனை விற்கலாம். கடை திறந்திருக்கிறது என்பதற்கு அடையாளம் வாசலில் ஒரு பச்சைக் கொத்து. ஏதோ ஒரு பேரரசர் காலத்து உத்தரவு என்கிறார்கள். அந்த உத்தரவின் மூலத்தை நான் இன்னும் காணவில்லை. ஒரு சரிவில் பலகைக்கல், அடுத்ததில் எரிமலைப் பாறை, அதற்கடுத்ததில் மணற்கல் என்று மண் மாறுவதால் முற்றத்துக்கு முற்றம் ருசியும் வேறு. இவ்வளவும் என் குறிப்புக் கொப்பியில் இருந்தது. அத்தான் கொத்தைக் கட்டியபோது ஏணியைப் பிடித்தவனும் நான்தான்.

பத்து முப்பத்தைந்துக்கு, நடைத்தடியும் தொப்பியுமாக ஆறு ஜெர்மன்காரர் முற்றத்துக்குள் வந்து எங்கள் கதிரைகளில் அமர்ந்தார்கள். ஒருவர் ரீஸ்லிங் வைன் கேட்டார்.

"ஆரடா இவை? நீயே கூப்பிட்டனீ?" என்றார் அக்கா.

"இல்லையக்கா, கொத்தைப் பாத்து வந்திட்டினம். இஞ்ச அது வைன் தவறணைக்கு அடையாளம்."

"என்ர வீடு தவறணையோ!"

"வந்தவையைக் கலைக்க ஏலாது, இருக்கட்டும்," என்று அத்தான் வடைத் தட்டை நீட்டினார்.

குசினி அடுப்புக்கு இன்னும் இணைப்பு வராததால், பால் முற்றத்து காஸ் அடுப்பில் இருந்தது. பத்து ஐம்பத்தாறுக்கு நுரைத்து ஏறியது. ரீஸ்லிங் கேட்டவரின் மனைவி, "கவனம், பால்!" என்று ஜெர்மனில் கத்திக்கொண்டு பாய்ந்து வந்து அடுப்பை நிறுத்தினார். பால் விளிம்புவரை வந்து இறங்கிப்போயிற்று. அவர் பெருமையோடு எங்களைப் பார்த்துச் சிரித்தார்.

"ஐயோ, மனிசி கெடுத்துப்போட்டுது! எத்தினை மணி?" என்றார் அக்கா.

"பத்து ஐம்பத்தேழு."

அக்கா அடுப்பை மூட்டி முழுதாகத் திறந்துவிட்டார். பால் வழிந்தால்தான் வீட்டுக்கு நல்லது, அதுவும் பதினொன்றுக்குள் என்று நான் ஜெர்மனில் விளக்கினேன். அந்தப் பெண் வாயைப் பொத்திக்கொண்டார். பிறகு ஆறு பேரும் எழுந்துவந்து பானையைச் சுற்றி நின்றார்கள். அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்து நொடிகளை உரக்க எண்ணினார்.

பதினொன்றுக்கு இருபது நொடி இருக்கையில் பால் வழிந்து அடுப்பையே அணைத்தது. எல்லோரும் கைதட்டினார்கள். அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு, சீனி போட்ட பாலை ஆளுக்கொரு கிளாசில் கொடுத்தார். ரீஸ்லிங் கேட்டவர் கிளாசைச் சுழற்றினார், மணந்தார், ஒரு மிடறை வாய்க்குள் உருட்டினார். பிறகு, இனிப்புக் குறைந்தது இருக்கிறதா என்று என்னிடம் விசாரித்தார்.

"என்னவாம்?" என்றார் அக்கா.

"நல்லாயிருக்காம்," என்றேன்.