தஸ்பீஹ் மணியும் நீரின் அம்புகளும்

தோணியில் நாங்கள் நால்வர்: தோணியை நடத்தும் பெரியபட்டினத்துத் தண்டல், அவர் மருமகன், கருப்பட்டி ஏற்றி வந்த என் அய்யா, கல்லூரியில் கணக்குப் படித்துக்கொண்டிருந்த நான். பாம்பன் பக்கத்துக் கடலடிப் பாறைகளான பார்களுக்கிடையே வழிகாட்டுகிறவர் மட்டும் வரவில்லை. தங்கச்சிமடத்தில் அவர் தங்கைக்குக் கல்யாணம்.

காற்று விழுந்துவிட்டது. பின்னால் மணல்திட்டு, முன்னால் பவளப்பார், நடுவே ஆறுபோல் ஓடும் நீரோட்டம். அது தளர்ந்தால்தான் நங்கூரம் தூக்கித் துடுப்புப் போட முடியும். இரண்டு நாள் அதே பாரைப் பார்த்துக்கொண்டு கிடந்தோம். பீப்பாயில் குடிதண்ணீர் இறங்கிக்கொண்டே வந்தது.

எங்கள் வீட்டில் எழுத்தறிந்த முதல் ஆள் நான். சும்மா இருக்க முடியவில்லை. மூன்று சுரைக்குடுக்கைகளில் ஒன்று, மூன்று, ஐந்து பாக ஆழத்தில் (ஒரு பாகம் ஆறடி) கல் தொங்கவிட்டு, முடிச்சிட்ட நூலோடு மிதக்கவிட்டேன். மேல்நீர் ஒரு பக்கம் இழுத்தது, அடிநீர் வேறு பக்கம். ஒவ்வொரு குடுக்கை போன வழியும் ஒரு வளைகோடு. சமமான நேரத்துக்கு ஒருமுறை அதில் ஒரு புள்ளி. புள்ளியிலிருந்து புள்ளிக்கு ஓர் அம்பு. நீண்ட அம்பு என்றால் வேகமான நீர். தாள் நிறைய அம்புகள் சேர்ந்தால் நீரின் உடம்பே கண்ணுக்குத் தெரிந்துவிடும் என்று நம்பினேன்.

நேரத்துக்குக் கடிகாரம் யாரிடமும் இல்லை. தண்டல் கையில் தஸ்பீஹ் ஜெபமாலை ஓயாமல் உருண்டது. முப்பத்து மூன்று மணி உருண்டால் ஒரு புள்ளி என்று வைத்துக்கொண்டேன்.

"நான் அல்லாவ நெனைக்கிறேன், நீ தண்ணிய நெனைச்சுக்க தம்பி" என்றார் அவர்.

"அந்தத் தாளுல நாலு மீனையும் வரைங்க காலேஜுக்காரரே, கொழம்பு வச்சுருவோம்" என்றான் மருமகன்.

மூன்றாம் நாள் காலை அம்புகள் சுருங்கின. மூன்று ஆழத்திலும் ஒரே அளவாகச் சுருங்கின. தூக்கலாம் என்றேன்.

"தண்ணி நெறம் மாறலயே தம்பி" என்று தண்டல் தயங்கினார்.

அய்யா எழுந்து நங்கூரக் கயிற்றைப் பிடித்துவிட்டார். "எம்மவன் பாத்துட்டான். இனி என்னத்த யோசன?"

நீர் கொஞ்சமும் தளர்ந்திருக்கவில்லை. நாலு துடுப்பு போடுவதற்குள் தோணியைப் பார்மேல் அறைந்தது. சாய்ந்த தோணிக்கும் பாறைக்கும் நடுவில் அய்யாவின் கால் மாட்டிக்கொண்டது. வேறொரு தோணியில் வந்தவர்கள் எங்களைக் கரை சேர்த்தார்கள்.

ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் தண்டல் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "அன்னைக்குக் காலையில பீப்பாயோட அடி தெரிஞ்சுச்சு தம்பி. சொன்னாப் பயந்துருவீகன்னு சொல்லல. வெரலு மட்டும் ஓடிருச்சு."

மணி வேகமாக உருண்டதால் என் நேரம் குறுகியது. நேரம் குறுகியதால் அம்பு குறுகியது. குடுக்கைகள் போன வழி மாறவே இல்லை. நீர் உண்மையில் தளர்ந்தால் மூன்று ஆழத்திலும் ஒரே அளவாகவா தளரும்? அதை அந்தத் தாளே எனக்குச் சொல்லிக்கொண்டிருந்தது. இன்றும் அந்தத் தோணியைவிட்டு நான் இறங்கியபாடில்லை.

போனவை: சுக்கான், நங்கூரம், அறுபது மூட்டைக் கருப்பட்டி, முழங்காலுக்குக் கீழே அய்யாவின் வலது கால்.